திணை மயங்கிய ஊர்தி

முல்லைக்குத் தேர் ஈந்த பாரியைப் புகழாத தமிழாசிரியர் இலர். படரக் கொழுகொம்பின்றித் தவித்த கொடியொன்றினைக் கண்டு, தான் ஊர்ந்து வந்த தேரினையே அதன் அருகில் நிறுத்திவிட்டு நடந்து சென்றான் பறம்புமலைத் தலைவன். கொடையின் சிறப்பை எடுத்துரைத்த அளவில் வகுப்பறை நின்றுவிடுகிறது. அத்தேர் பின்னர் என்னவாயிற்று என்று மாணவர் எவரும் வினவுவதில்லை. வினவினால் ஆசிரியர் மகிழ்வாரா என்பதும் ஐயமே. வழிக்கென்று செய்யப்பட்ட ஊர்தி ஒன்று காட்டுக்கே உரிமையாகி, மீளாமல் அங்கேயே தங்கிவிட்ட நிகழ்ச்சி அது.

இன்று நிலைமை தலைகீழாகி நிற்கிறது. காலை ஏழு மணிக்குச் சுங்கை வேயை ஒட்டிச் செல்லும் கூட்டரசு நெடுஞ்சாலையை நோக்குவார்க்கு இது விளங்கும். கிள்ளானிலிருந்து கோலாலம்பூர் நோக்கி ஊர்திகள் எறும்பென ஊர்கின்றன. அவற்றுள் பல, தரையினின்றும் உயர்ந்து, சக்கர வளைவுகளில் கரிய காப்புப் பட்டை அணிந்து, கூரைமேல் சுமை கட்டுதற்கான தண்டுகளைத் தாங்கி, காட்டாற்றைக் கடந்து வந்தவை போலத் தோன்றுகின்றன. ஆயின் அவற்றின் சக்கரங்களில் சேறு இல்லை. கூரைத் தண்டுகளில் கயிறு கட்டிய தழும்பும் இல்லை. காட்டின் கோலம் பூண்ட இவ்வூர்திகளுள் பெரும்பாலானவை தம் வாழ்நாள் முழுவதையும் தார்ச்சாலையிலேயே கழித்து முடிக்கின்றன.

எஸ்.யூ.வி. என்னும் பெயரை விரித்துரைத்தால், விளையாட்டுக்கும் பயன்பாட்டுக்கும் உரிய ஊர்தி என்று பொருள்படும். தமிழில் இதற்கு நிலைத்த சொல்லொன்று இன்னும் பிறக்கவில்லை. மலேசியத் தமிழர் எல்லாவற்றையும் 'காடி' என்ற ஒரே சொல்லில் அடக்கி, வேறுபாடு வேண்டுமிடத்து 'உயரமான காடி' என்பர். மக்களின் இவ்வழக்கு, விளம்பரக்காரர் கூறும் பெயரைக் காட்டிலும் உண்மைக்கு நெருக்கமானது. இவ்வூர்தியிடம் ஐயத்துக்கிடமின்றி உள்ள ஒரே இயல்பு உயரந்தான்.

இச்சிறிய, துள்ளலான, உயரமான காடி சாலைக்கு உரியதா, காட்டு வழிக்கு உரியதா என்னும் வினா பொறியியலார்க்கு மட்டும் உரியதன்று. ஒரு பொருளின் உருவம் ஒன்றைக் கூற, அதன் வாழ்வு வேறொன்றைக் கூறுமாயின், அவ்விரண்டுக்கும் இடையே உள்ள தொலைவை அளந்து காட்டுதல் திறனாய்வாளன் கடமை. கவிதைக்குச் செய்வதை ஊர்திக்குச் செய்தல் ஆகாது என்பார்க்குத் தொல்காப்பியமே விடை கூறும்.

நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றும், அந்நிலத்தில் தோன்றி வாழ்வனவற்றைக் கருப்பொருள் என்றும், அந்நிலத்து மாந்தரின் ஒழுக்கத்தை உரிப்பொருள் என்றும் வகுத்தது தமிழ் மரபு. கருப்பொருளை எண்ணுங்கால் தெய்வம், உணவு, விலங்கு, மரம், புள், பறை, தொழில், யாழ் ஆகியவற்றைக் கூறிய தொல்காப்பியர், அவை போல்வன பிறவும் அடங்கும் என்று கதவைத் திறந்தே வைத்தார். அக்கதவின் வழியே ஊர்தியை உள்ளே அழைத்தல் மரபுப் பிழையாகாது. மருதத்துக்கு எருமை உரியதெனில், தோட்டத்துச் செம்மண் பாதைக்கு ஜீப் உரியது. கூட்டரசு நெடுஞ்சாலைக்குத் தொழிற்சாலைப் பேருந்து உரியது.

அவரே இன்னொன்றும் கூறினார். திணைகள் ஒன்றோடொன்று மயங்குதல் விலக்கத்தக்கதன்று. ஆயின் நிலங்கள் ஒருங்கே மயங்குதல் இல்லை. குறிஞ்சிக்குரிய ஒழுக்கம் நெய்தற் கரையில் நிகழலாம். அதனால் கடற்கரை மலையாகிவிடாது. இவ்விதியை உள்ளத்திற் கொண்டு நோக்கினால் உயரமான காடியின் சிக்கல் ஒருவாறு பிடிபடும். அதன் தோற்றத்தில் திணை மயங்கியிருக்கிறது. அதில் ஏறி அமர்ந்தவர்தாம் நிலமும் மயங்கிவிட்டதாக எண்ணிக்கொள்கின்றனர்.

பொதுவாகப் பேசுவது போதாது. சுங்கை வே என்னும் இடத்தையே எடுத்துக்கொள்ளலாம். பெயரைக் கேட்பார் செவிக்கு ஆறும் வழியும் ஒருசேர ஒலிக்கும் ஊர் இது. 1948இல் தொடங்கிய அவசரகாலத்தில், சிதறிக் கிடந்த மக்களை முள்வேலிக்குள் குடியேற்றி உருவாக்கப்பட்ட புதுக்கிராமங்களுள் ஒன்று சுங்கை வே. பின்னாளில் ஸ்ரீ செத்தியா என்று பெயர் மாற்றம் பெற்றும் பழைய பெயர் நாவினின்று மறையவில்லை. சுற்றிலும் இரப்பர்த் தோட்டங்களும் ஈயக் குட்டைகளும் இருந்தன. 1970களின் தொடக்கத்தில் இங்கே தாராள வாணிப மண்டலம் எழுந்தது. மின்னணுத் தொழிற்சாலைகள் வந்தன. கித்தாக் காட்டில் பால்மரம் வெட்டிய தாயின் மகள், வெண்ணிற மேலங்கி அணிந்து நுண்பெருக்காடியின் கீழ் மின்கம்பி பொருத்தச் சென்றாள். ஈயம் தோண்டிய குழிகளின் மேலும் அருகிலும் சன்வே நகர் எழுந்து, 1993இல் நீர் விளையாட்டுப் பூங்காவும் திறக்கப்பட்டது. அப்பாலிருந்த சீபீல்டு தோட்டம் சுபாங் ஜெயா ஆயிற்று. எஃபிங்காம் தோட்டம் பண்டார் உத்தாமா ஆயிற்று.

ஒரு தலைமுறைக் காலத்துக்குள் காட்டு வழி சாலையாகிவிட்டது. நிலம் மயங்காது என்ற விதிக்கு இது முரணோ எனின், அன்று. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்து பாலையாகும் என்றார் இளங்கோவடிகள். மயங்குதல் வேறு, திரிதல் வேறு. மயங்கிய நிலத்தில் இரண்டும் ஒருங்கே இருக்கும். திரிந்த நிலத்தில் பழையது இராது. சுங்கை வே திரிந்த நிலம். அங்குக் காடு இப்போது ஊர்திகளின் கதவருகே ஒட்டப்பட்ட அலங்காரமாக மட்டுமே எஞ்சியிருக்கிறது.

மலாயாத் தமிழர்க்கும் காட்டு வழி ஊர்திக்கும் உள்ள உறவு விளம்பரங்களில் வருவதைப் போன்ற இனிமையான உறவன்று. லேண்ட்ரோவர் உலகுக்கு அறிமுகமானதும் 1948ஆம் ஆண்டிலேதான். மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டதும் அவ்வாண்டு ஜூன் திங்களிலேதான். அடுத்த பன்னிரண்டு ஆண்டுகளில் காவற்படையினரும் தோட்டத் துரைமாரும் அத்தகைய ஊர்திகளிலேயே செம்மண் பாதைகளைக் கடந்தனர். தொழிலாளி நடந்தான், வசதி வந்தபோது மிதிவண்டி வாங்கினான். லயத்துச் சிறுவர்க்கு நான்கு சக்கரமும் இயங்கும் ஊர்தி என்பது அதிகாரத்தின் ஒலி. அது வரும்போது ஒதுங்கி நிற்க வேண்டும், போனபின் அதன் புழுதியில் ஓடலாம். எம். குமாரனின் 'செம்மண்ணும் நீலமலர்களும்' என்னும் கதை செம்மண்ணைத் தலைப்பிலேயே கொண்டமைந்தது தற்செயலன்று. அகிலன் மலேசியத் தோட்டங்களைக் களமாக்கி எழுதிய 'பால்மரக் காட்டினிலே'யும் காட்டைத் தலைப்பில் தாங்கியது. அக்காடு உழைப்பின் களம். ஓய்வுநாளில் உல்லாசமாகச் சென்று திரும்பும் இடமாக அதனை அங்கே வாழ்ந்தவர் எவரும் எண்ணியதில்லை.

இப்பின்னணியில்தான் 1998ஆம் ஆண்டு வெளிவந்த பெரோடுவா கெம்பாராவை நோக்குதல் வேண்டும். நிதி நெருக்கடி நாட்டை உலுக்கிக் கொண்டிருந்த ஆண்டு அது. கிளானா ஜெயா வழித்தடத்தில் இலகு இரயில் ஓடத் தொடங்கியதும் அவ்வாண்டே. ஜப்பானிய தைஹாட்சு தெரியோஸ் ஊர்தியை அடியொற்றி, சிலாங்கூரின் செரெண்டாவில் கட்டப்பட்ட கெம்பாரா, மலேசியாவின் சொந்தப் பெயரில் வந்த முதல் சிறிய நான்கு சக்கர இயக்க ஊர்தி. 1.3 லிட்டர் இயந்திரம். குறுகிய உடல், நெடிய உருவம். பின்கதவில் ஏற்றி மாட்டிய மாற்றுச் சக்கரம். பெயரோ 'சுற்றித் திரிதல்' என்று பொருள்படும் மலாய்ச் சொல்.

அழகில் அதனை எவரும் புகழ்ந்ததில்லை. அகலம் குறைந்து உயரம் மிகுந்தமையால் வளைவுகளில் சாய்ந்தது. நான்கு சக்கரங்களையும் எப்போதும் இழுக்கவேண்டியிருந்தமையால் அச்சிறிய இயந்திரம் எரிபொருளைச் சற்றுத் தாராளமாகவே குடித்தது. நெடுஞ்சாலையில் பெரிய லாரி கடந்து செல்கையில் அதன் உடல் நடுங்கியது. மலைச்சரிவில் மெல்ல ஏறுதற்கு உதவும் தாழ்நிலைப் பற்சக்கரத் தொகுதியும் அதற்கு இல்லை. கடுங்காட்டுக்கு உரியதென அதனைச் சொல்லவியலாது. எனினும் அதன் உருவம் பொய் சொல்லவில்லை. நான்கு சக்கர இயக்கம் என்று பின்புறத்தில் எழுதியிருந்தால் நான்கு சக்கரங்களும் உண்மையில் இயங்கின. செம்பனைத் தோட்டத்து மழைக்காலச் செம்மண்ணில், முன்சக்கரம் சுழன்று வழுக்கும்போது பின்சக்கரம் தள்ளிக்கொடுத்தது. தோட்டப் பாதையும் தார்ச்சாலையும் ஒரே நாளில் கடக்கவேண்டியிருந்த மருத்துவ உதவியாளர்க்கும் பள்ளி ஆசிரியர்க்கும் அதுவே போதுமானதாயிற்று. முன்னாளில் துரைமார்க்கே உரியதாக இருந்த ஆற்றலை, நடுத்தரக் குடும்பம் தவணை கட்டி வாங்கக்கூடிய அளவுக்குக் கொணர்ந்தது கெம்பாரா. அதன் சமுதாயப் பெறுமதி இதுவே. அதனைப் பற்றிய எழுத்துகளில் இக்கூறு ஏனோ பேசப்படுவதில்லை.

கெம்பாராவை அடுத்து 2008இல் நாட்டிகா வந்தது, நெடுநாள் நிலைக்கவில்லை. அதற்குள் உலகமே வேறு திசையில் திரும்பிவிட்டது. 1994இல் டொயோட்டா வெளியிட்ட ராவ்4, பயணிகள் காரின் அடித்தளத்தின் மேல் ஜீப்பின் தோற்றத்தை ஏற்றி வைத்து, இரண்டையும் விரும்புவார்க்கு ஒன்றைக் கொடுத்தது. முன்னர்க் காட்டூர்தி என்றால் இரும்பாலான ஏணிச் சட்டகத்தின் மேல் உடலை அமர்த்துவர். சட்டகம் பாறையின் முறுக்கைத் தாங்கும், உடல் தனியே நிற்கும். புதிய வகையில் உடலும் சட்டகமும் ஒன்றே. எடை குறையும், ஓட்டம் மென்மையாகும், வளைவில் நிலைத்து நிற்கும். ஒரு சக்கரம் குழியிலும் மற்றொன்று மேட்டிலும் தொங்கும் நிலையை மட்டும் அது விரும்புவதில்லை. இதனைக் குறை என்பது தவறு. நெய்தல் நிலத்துப் பரதவனுக்கு ஏர் பூட்டத் தெரியவில்லையே என்று குறை கூறுவது போன்றதாகும் அது.

2020 அக்டோபரில் வெளிவந்த புரோட்டோன் எக்ஸ்50 இவ்வழியின் முதிர்ந்த கனி. தஞ்சோங் மாலிமில் கட்டப்படும் இவ்வூர்தி, சீன நிறுவனமான ஜீலியின் பின்யுவே என்னும் ஊர்தியினின்று பிறந்தது. 1.5 லிட்டர் கொள்ளளவும் மூன்று உருளைகளும் கொண்ட, காற்றழுத்தி பொருத்திய இயந்திரத்துடன் அது வெளிவந்தது. அவ்வகையின் உயர்ந்த பதிப்பு 177 குதிரைத்திறன் தரும் என்றும், நின்ற நிலையிலிருந்து மணிக்கு 100 கிலோமீட்டர் விரைவை 8 வினாடிக்குள் எட்டும் என்றும் தயாரித்தவர் அறிவித்தனர். சாலையில் அது நன்றாகவே ஓடுகிறது. வளைவில் கெம்பாராவைப் போலச் சாய்வதில்லை. வண்டி தடம் விலகினால் எச்சரிக்கும் கருவிகளும், முன்னே தடை கண்டால் தானே நிறுத்தும் கருவியும் உயர்ந்த பதிப்பில் உண்டு. நாட்டு மக்கள் அதனை விரும்பி வாங்கியதில் வியப்பில்லை.

ஆயின் அதற்கு நான்கு சக்கர இயக்கம் இல்லை. முன்சக்கரங்கள் இரண்டு மட்டுமே இழுக்கும். பெரோடுவா 2021இல் வெளியிட்ட அத்திவாவின் நிலையும் அதுவே. இத்தனைக்கும் அத்திவாவின் ஜப்பானிய உடன்பிறப்பான ரொக்கிக்கு அந்நாட்டில் நான்கு சக்கர இயக்கமும் கிடைக்கிறது. பனி பெய்யும் ஊர்களுக்கு அது வேண்டும். மலேசியாவில் வேண்டுவார் இலர் என்று கணக்கிட்டவர் கணக்குப் பிழையன்று. காட்டுக்குள் செல்லாதவரிடம் காட்டுக்குரிய உறுப்பை விற்று விலையை ஏற்றுவதைக் காட்டிலும் அதனை விட்டுவிடுதல் நேர்மையானதே. நேர்மை அவ்வளவில் நின்றுவிட்டது. உறுப்பை நீக்கியவர் அதன் கோலத்தை நீக்கவில்லை; கரிய பட்டை இருக்கிறது, உயர்ந்த தோள் இருக்கிறது, அடிப்பக்கத்தில் பாறை உரசினாலும் தாங்கும் என்று காட்டும் வெள்ளி நிறத் தகடும் இருக்கிறது. போதாக்குறைக்கு உயர்ந்த பதிப்பின் பின்புறத்தில் பந்தயக் காருக்குரிய நான்கு புகைவாய்களும் இருக்கின்றன. மூன்று உருளைக்கு நான்கு புகைவாய்! அணி நூலார் இதனைக் கண்டிருப்பின் மிகையணி என்று பெயரிட்டிருப்பர்.

ஆகவே இவ்வூர்தியிடம் மயங்கியுள்ளவை இரண்டு திணைகள் அல்ல, மூன்று. காட்டூர்தியின் உயரம், பந்தயக் காரின் துள்ளல், குடும்பக் காரின் பயன் ஆகிய மூன்றும் ஓருடலில் குடிபுகுந்துள்ளன. இவற்றுள் முதலிரண்டும் இயல்பிலேயே பகையானவை. எடையின் நடுப்புள்ளி தரைக்கு நெருங்க நெருங்க வளைவில் ஊர்தி உறுதியாக நிற்கும். ஆகையால் பந்தயக் கார் தாழ்ந்திருக்கிறது. கல்லும் வேரும் அடியில் தட்டாதிருக்க வேண்டும். ஆகையால் காட்டூர்தி உயர்ந்திருக்கிறது. இரண்டையும் ஒன்றில் வேண்டுவார்க்கு இரண்டிலும் பாதியே கிடைக்கும். தரைக்கும் ஊர்தியின் வயிற்றுக்கும் இடையே ஏறத்தாழ ஒரு சாண் இடைவெளி என்ற உடன்பாட்டில் இப்போர் முடிகிறது. பள்ளிவாசலில் உள்ள வேகத்தடைக்கு அது போதும். மரம் வெட்டும் லாரி உழுது சென்ற பாதைக்குப் போதாது.

காட்டுத் தோற்றம் உடையது காட்டுக்குச் சென்றே தன்னை மெய்ப்பிக்க வேண்டும் என்று வாதிடுவாரும் உளர். அவ்வாதத்தை ஏற்பதற்கில்லை. மழைக்காட்டு அறைகூவல் என்னும் போட்டி 1997 முதல் மலேசியாவில் நடந்து வந்துள்ளது. பருவமழை கொட்டும் ஆண்டிறுதியே அதற்குரிய பொழுது. அதில் புகும் ஊர்திகள் இரும்புக் கயிற்றால் தம்மைத் தாமே இழுத்துக்கொள்ளும் உருளைகளைத் தாங்கியவை. அவற்றின் சக்கரங்கள் மனிதன் இடுப்பளவு உயர்ந்தவை. சிறிய உயரமான காடி அங்கே அரை நாழிகையும் நில்லாது. மேலும், ஈர மண்ணில் ஊர்தி ஒருமுறை உழுத தடம் அடுத்த மழையில் வாய்க்காலாகிறது. வாய்க்கால் அறுத்த மண் ஓடையைக் கலக்குகிறது. விளையாட்டு முடிந்து ஊர்தி நகருக்குத் திரும்பிவிடும். ஓடையை நம்பி வாழும் ஓராங் அஸ்லி மக்கள் திரும்பிச் செல்லத் தனியே ஒரு நகரம் இல்லை.

அகநானூற்றில் ஒரு தலைவன், வினை முடித்துக் கார்காலத்தில் மீள்கிறான். வழியெங்கும் பூத்திருக்கிறது; பூவில் வண்டுகள் தங்கியிருக்கின்றன. தேர்மணி ஒலித்தால் அவை அஞ்சிப் பறக்குமே என்று மணியின் நாவைக் கட்டிவிட்டுத் தேரைச் செலுத்துகிறான். முல்லைத் திணையை நடத்தும் ஆசிரியர் தவறாது எடுத்துக்காட்டும் காட்சி இது. தலைவியைக் காணும் விரைவு அவனுக்கு இல்லாமலில்லை. எனினும் தன் ஊர்தி எந்நிலத்தின் வழியாகச் செல்கிறது என்பதை அவன் மறக்கவில்லை. நான்கு புகைவாய்களை ஒலிக்கச் செய்து காட்டுக்குள் நுழைய விரும்புவோர் இப்பாடலை மீண்டும் ஒருமுறை படித்தல் நன்று.

சாலைக்கே உரியது என்று முடிவு கட்டுமிடத்து ஒரு தடை எழும். கிள்ளான் பள்ளத்தாக்கில் சாலை எப்போதும் சாலையாகவே இருக்கிறதா? 2021 டிசம்பர் 18ஆம் நாள் பெய்த மழையில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடா நீரில் மூழ்கியது. மக்கள் மேல்மாடிகளிலும் கூரைகளிலும் ஏறிக் காத்திருந்தனர். நெடுஞ்சாலைகளில் ஊர்திகள் வரிசை வரிசையாக நின்றவாறே மூழ்கின. கோலாலம்பூரில் 2007இல் திறக்கப்பட்ட ஸ்மார்ட் சுரங்கமோ, இயல்பான நாளில் ஊர்தி செல்லும் வழி, பெருமழை நாளில் வெள்ளம் செல்லும் ஆறு. இத்தகைய நாட்டில் உயரமான காடி வேண்டுமென்று ஒருவர் எண்ணுவது மூடத்தனமன்று. வெள்ளத்தில் வீடிழந்த குடும்பம் அடுத்த கார் வாங்கும்போது முதலில் அதன் உயரத்தையே கேட்கிறது. விளம்பரம் ஊட்டிய ஆசையினின்று இக்கேள்வி வேறானது, அச்சத்திலிருந்து பிறப்பது. இதனை எள்ளி நகையாடும் திறனாய்வு இரக்கமற்றது.

ஆயினும் அச்சம் கேட்கும் கேள்விக்கு உயரம் தரும் விடை பொய்யானது. ஓடும் நீர் 30 சென்டிமீட்டர் ஆழத்தை எட்டினால் சிறிய கார்களை மிதக்கச் செய்யும். 60 சென்டிமீட்டர் ஆழத்தில் எஸ்.யூ.வி.யையும் பிக்கப்பையும்கூட அடித்துச் செல்லும். சாதாரணக் காரைக் காட்டிலும் நான்கு விரற்கடை உயர்ந்திருப்பதனால் கிடைப்பது, வெள்ளத்தைக் கடக்கும் ஆற்றலன்று; கடந்துவிடலாம் என்னும் துணிவு. அத்துணிவு ஊர்திக்காரரை, தாழ்ந்த காரில் சென்றிருப்பின் திரும்பி வந்திருக்கக்கூடிய இடத்தைத் தாண்டியும் செலுத்துகிறது. இவ்வகை ஊர்தியின் மேல் சுமத்தத்தக்க குற்றங்களுள் இதுவே பெரியது. மிகையணி அழகைத்தான் கெடுக்கும். பொய்த் துணிவு உயிரைக் கெடுக்கும்.

சாலையில் பிறரும் உள்ளனர். கூட்டரசு நெடுஞ்சாலையின் ஓரத்தில் 1970களில் அமைக்கப்பட்ட மோட்டார் சைக்கிள் தனிவழி உலகிலேயே முன்னோடியானது என்பர். சுங்கை வே தொழிற்சாலைகளுக்குக் கப்சாயில் செல்லும் ஆயிரக்கணக்கானோர்க்கு அவ்வழி உயிர்வழி. மலேசியச் சாலைகளில் உயிரிழப்போருள் பாதிக்கு மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் சென்றோரே. தனிவழி முடிந்து பொதுச்சாலையில் கலக்குமிடத்தில், தோள் உயர்ந்த ஊர்தியின் பக்கவாட்டில் வரும் கப்சாயை அதன் ஓட்டுநர் காண்பது, தாழ்ந்த காரின் ஓட்டுநர் காண்பதைவிடக் கடினம். உயரத்திலிருந்து தொலைவு தெரிகிறது, அருகு மறைகிறது. முன்னாளில் துரையின் ஜீப்புக்கு ஒதுங்கி நின்ற தொழிலாளியின் பேரன் இன்று உயரமான காடியில் அமர்ந்திருக்கலாம். இன்னொரு பேரன் அதன் அருகே கப்சாயில் ஒதுங்கிச் செல்கிறான்.

இத்தனையும் கூறியபின் இவ்வூர்தியின் உண்மையான சிறப்பைக் கூறாது விடுதல் ஒருதலை வழக்காகும். அச்சிறப்பை விளம்பரங்கள் ஒருபோதும் கூறுவதில்லை. விடியலில் எழுந்து முப்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டிய மூதாட்டியின் முழங்கால் தாழ்ந்த காருக்குள் குனிந்து இறங்க மறுக்கிறது. இறங்கியபின் எழ மறுக்கிறது. உயரமான காடியின் இருக்கை அவள் இடுப்புக்கு நேராக அமைந்துள்ளது. சேலையை ஒரு கையால் பற்றிக்கொண்டு, திரும்பி உட்கார்ந்து, கால்களை உள்ளே இழுத்துக்கொள்கிறாள். எவர் கையையும் எதிர்பார்க்கவில்லை. மருத்துவமனைக்கும் கோயிலுக்கும் பேத்தியின் பள்ளிக்கும் செல்ல அவளுக்கு வேண்டியது நான்கு சக்கர இயக்கமுமன்று, 177 குதிரைத்திறனுமன்று. தரையினின்றும் இருக்கை எத்துணை உயரம் என்பதே அவள் வினா. காட்டுக்கென்று வகுக்கப்பட்ட உயரம், காட்டில் உழைத்துத் தேய்ந்த மூட்டுகளுக்குச் சாலையில் பயன்படுகிறது. திணை மயக்கம் பயன் தரும் இடம் இது ஒன்று உண்டென்றால் அதனை ஏற்றுக்கொள்வதில் தவறில்லை.

இதற்காக ஒன்பதாண்டுக் கடன் வேண்டுமா என்பது வேறு வினா. இதே உயரத்தில் இருக்கை அமைந்த, ஆரவாரமற்ற குடும்ப ஊர்திகள் உண்டு. அவற்றை வாங்குவோர் அக்கம்பக்கத்தாரின் பார்வையைக் கடந்தவராக இருத்தல் வேண்டும். அவ்வுரம் எல்லார்க்கும் வாய்ப்பதில்லை. சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கினை மாதந்தோறும் கரிய பட்டைக்கும் புகைவாய்க்கும் செலுத்தும் இளைஞன், தான் வாங்கியது ஊர்தியன்று, தோட்டத்திலிருந்து வெகுதொலைவு வந்துவிட்டோம் என்னும் சான்றிதழ் என்பதை அறிந்தே செலுத்துகிறான். அச்சான்றிதழ் தோட்டத்துப் பாதைக்குரிய ஊர்தியின் வடிவில் வருவதுதான் விந்தை.

ஆண்டுக்கொருமுறை இவ்வூர்திகள் தார்ச்சாலையை விட்டு இறங்குவதுண்டு. தமிழ்ப்பள்ளி விளையாட்டுப் போட்டி நாளன்று நிறுத்துமிடம் போதாமல், திடலோரப் புல்தரையில் அவை வரிசையாக ஏற்றி நிறுத்தப்படுகின்றன. பிற்பகலில் மழை பெய்கிறது. பரிசளிப்பு முடிந்து புறப்படுகையில் முன்சக்கரங்கள் இரண்டும் சேற்றில் சுழன்று, புல்லைக் கிழித்து, ஒலியெழுப்பி, நின்ற இடத்திலேயே நிற்கின்றன. கப்சாயில் வந்த தந்தையர் நால்வர் காலணிகளைக் கழற்றி வைத்துவிட்டு, புகைவாய்களுக்கு இருபுறமும் கைவைத்துத் தள்ளுகின்றனர். உள்ளே பாட்டி நிமிர்ந்து அமர்ந்திருக்கிறாள்.